வெஸ்லி பென்சில் மீட்ட படலம்

வாழ்க வெஸ்லி ஹூக்ஸ்ட்ரா! சோளமும் சோயாவும் தவிர வேறெதுவும் தலைதூக்கத் துணியாத அயோவாச் சமவெளியிலே தோன்றிய ஆறடி நான்கங்குல நெடுமேனியன், கதவுநிலைகள் கண்டு அஞ்சும் அகன்ற தோளினன், பதினான்காம் அளவுக் காலணி பூண்ட பெருந்தாளினன், இருபது வயது நிரம்புமுன்னரே இரண்டு படிப்புகளுக்குப் புறமுதுகு காட்டிய மாவீரன், வாழ்க! களிற்றுப் படையை எதிர்கொண்டோரைப் பாடினோர் உளர்; கடல் கடந்து நாடு கொண்டோரைப் பாடினோரும் உளர். ஒரு பென்சிலுக்காக இருபது நிமிடம் குந்தியிருந்து போராடியவனைப் பாட மட்டும் இதுநாள்வரை ஒரு நாதியில்லை. அந்தக் குறை தீர்க்கவே இப்படலம் எழுந்தது. கலைமகளே, நாவில் வந்து அமர்க. வரும்போது ஒரு அழிப்பானும் எடுத்து வருக.

நம் வீரன் முதலில் பொறியியல் கோட்டைக்குள் நுழைந்தான். கால்குலஸ் என்னும் கொடுங்கோலரக்கி அவனை ஒரே பருவத்தில் மென்று துப்பினாள். அடுத்து வணிகவியல் கோட்டைக்குள் நுழைந்தான். அங்கே அவள் தங்கை புள்ளியியல் உட்கார்ந்திருந்தாள். இருமுறை புண்பட்ட வேங்கை, மாணவர் ஆலோசகரின் வாசலில் போய் நின்று, எண்களே இல்லாத துறை ஒன்று இப்பூவுலகில் உண்டோ என்று வினவ, அவரும் கணினியைத் தட்டிப் பார்த்து, "மனித வளர்ச்சியும் குடும்ப இயலும்" என்று அருள்வாக்கு மொழிந்தார். அன்று மாலையே அவன் வீட்டுக்குத் தொலைபேசினான்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவன் தாய் லோர்னா, நாற்பது பிள்ளைகளின் கூச்சலைப் பின்கழுத்தாலேயே அடக்கும் ஆற்றல் வாய்ந்தவள். செய்தி கேட்டதும் அவள் தொடங்கினாள்.

"குடும்பத்தப் பத்திப் படிக்கப் போறியா? நல்லா இருக்குடா வெஸ். போன மாசம் குடும்பத்துக்கு எத்தன தடவ போன் பண்ண?"

"அம்மா, வந்து..."

"மொதல்ல இஞ்சினியருன்ன. அப்புறம் பிசினஸுன்ன. இது மூணாவது. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நேரா ராஜர் மாமா பன்னிக் கொட்டகைதான். உனக்கு ரப்பர் பூட்ஸ் கூட வாங்கி வச்சிட்டாரு. பதினாலாம் நம்பரு. மூணு ஊரு தேடியிருக்காரு மனுஷன்."

ராஜர் மாமாவின் கொட்டகையில் இரண்டாயிரத்து நானூறு பன்றிகள் உண்டு. அவை விடியற்காலை நாலரை மணிக்கு எழும்; எழுந்ததும் பசிக்கும்; பசித்ததும் கத்தும். வெஸ்லி சிறுவயதில் ஒரு கோடை முழுவதும் அங்கே இருந்தவன். அந்த வாசனை அக்டோபர் வரை அவன் தலைமுடியை விட்டுப் போகவில்லை. கால்குலஸுக்குக்கூட அவன் அவ்வளவு பயந்ததில்லை.

துறையின் கோட்டைவாயிலோ ஒரே ஒரு கருத்தரங்கு. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரே ஒரு கிரெடிட், புதியவர்களுக்கான அறிமுகம். அதில் தேறினால் துறைக்குள் புகலாம். தோற்றால் ஓராண்டு கழித்துத்தான் மறுபடி கதவு திறக்கும். ஓராண்டு என்றால் வெஸ்லிக்கு ஒரே பொருள்தான். அது ரப்பரால் ஆனது.

அக்கருத்தரங்கின் தலைவி டாக்டர் கிளாவிட்டர். சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையினள், பஞ்சினும் மென்மொழியாள். அவள் குரலை உயர்த்தியதாக வரலாறு இல்லை. மதிப்பெண்ணைத் தாழ்த்தியதாக வண்டி வண்டியாக உண்டு. பதினெட்டு நங்கையரையும் ஒரு வெஸ்லியையும் வட்டமாக உட்காரவைத்து, வாரந்தோறும் ஒவ்வொருவர் மனநிலையையும் ஒரே சொல்லால் உரைக்குமாறு அவள் பணிப்பாள். "நன்றியுணர்வு" என்பாள் தலைவியை ஒட்டி அமரும் பிரின்லி, கேட்குமுன்னரே கையுயர்த்தும் கடமைவீராங்கனை. "நெகிழ்ச்சி" என்பாள் இன்னொருத்தி. சுற்று வந்து சேரும்போது நம் வீரன் வாரந்தவறாமல் "பசி" என்பான்.

"பசிங்கிறது உணர்ச்சி இல்ல வெஸ்லி," என்பாள் தலைவி, புன்னகை சிறிதும் குறையாமல். "ஆனா பகிர்ந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி."

குடும்பங்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதை இவர்கள் ஒன்பது வாரம் பேசினார்கள். பத்தாம் வாரம் போர் அறிவிக்கப்பட்டது.

பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், ஆளுக்கு ஒரு குழந்தையை, ஆளுக்கு இருபது நிமிடம் கவனித்து, கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். அதுவே கருத்தரங்கின் ஒரே தேர்வு. டாக்டர் கிளாவிட்டர் எழுந்து நின்று, ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டும் குரலில், இரக்கமற்ற மூன்று ஆணைகளைப் பிறப்பித்தாள்.

"முதல் விஷயம், குழந்தைகிட்ட நீங்க பேசவே கூடாது. அதுவா வந்து பேசினா, 'நான் வேலை செஞ்சிட்டிருக்கேன்'னு சொல்லுங்க. அந்த ஒரு வாக்கியம்தான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினாலும் பாதி மார்க் போயிடும். ரெண்டாவது, கண்ணுல பட்டத எழுதுங்க, மனசுல பட்டத எழுதாதீங்க. 'கோபம்'னு எழுதாதீங்க, 'புருவம் சுருங்கிச்சு'ன்னு எழுதுங்க. 'சந்தோஷம்'னு எழுதினா நான் சிவப்புல வட்டம் போடுவேன். மூணாவது, பென்சில் மட்டும்தான். ஆளுக்கு ஒண்ணு. இருபது நிமிஷம் முடிஞ்சா முடிஞ்சதுதான். வெறும் தாளக் குடுத்தா பூஜ்யம். இத நான் பயமுறுத்தச் சொல்லல. உங்க மேல இருக்கற அக்கறையில சொல்றேன்."

அக்கறையைக் கேட்டு அவை நடுங்கியது. பிரின்லி மட்டும் கையுயர்த்தி, இரண்டு தாள் எழுதலாமா என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு நம் வீரன் களம் புகுந்தான். களமாவது, நீலப்பாய் விரித்த ஓர் அறை. வடக்கே கட்டை அடுக்கும் மூலை, தெற்கே தண்ணீர்த் தொட்டி, நடுவே வரைமேசை, கிழக்குச் சுவர் முழுவதும் ஒரு பெருங்கண்ணாடி. உள்ளிருப்போருக்கு அது வெறும் கண்ணாடி. அதற்கு அப்பால் இருண்ட அறையில் அமர்ந்திருக்கும் பதினெட்டு நங்கையருக்கும் டாக்டர் கிளாவிட்டருக்கும் அது சன்னல். ஒருவர் போரிட மற்றவர் பார்த்துப் பழக வேண்டும் என்பது முறை. வீரனுக்கென ஒதுக்கப்பட்ட சிம்மாசனமோ பதினோரங்குல உயரம், நாலு வயதுப் புட்டங்களை அளந்து செய்தது. அவன் அதில் அமர்ந்தபோது முழங்கால்கள் இரண்டும் காதருகே வந்து நலம் விசாரித்தன. கையில் தாள் பொருத்திய அட்டை, மறுகையில் அன்று காலை சீவிய மஞ்சள் மேனிப் பென்சில், குத்தினால் குருதி வரும் கூர்முனையது. முகத்தை அவன் கல்லாக்கிக்கொண்டான்.

அவனுக்கு விதித்த எதிரி, ஓப்பல். வயது மூன்றும் பத்து மாதமும். உயரம் அவன் முழங்காலுக்குச் சற்று மேல். ஒரு காலில் பச்சைக் காலுறை, மறுகாலில் டைனோசர் காலுறை, நெற்றியில் காலைச் சிற்றுண்டியின் தயிர்த் திலகம். வரைமேசையில் தாளை விரித்துவைத்து, எதை வரையலாம் என்று வானம் பார்த்து நின்றிருந்தாள். அவள் எதிரே அந்த மலை வந்து உட்கார்ந்தது.

வீரன் 10.20 என்று எழுதினான். அடுத்து, "ஓப்பல் மகிழ்ச்சியாக" என்று எழுதினான். உடனே திடுக்கிட்டான். மகிழ்ச்சி! சிவப்பு வட்டம்! பென்சிலின் பின்புற ரப்பரைத் திருப்பித் தேய்த்து அச்சொல்லைக் கொன்றான். "ஓப்பல் சமத்தாக" என்று எழுதினான். சமத்து என்பது கண்ணில் படுமோ? அதையும் கொன்றான். "ஓப்பல் யோசனையோடு" என்று தொடங்கி, யோசனையை யார் பார்த்தது என்று அதன் கழுத்தையும் நெரித்தான். இப்படி இவன் தன் சொற்களையே தலைதலையாகக் கொய்துகொண்டிருக்க, நான்கு நிமிடம் பறந்தது. தாளில் மிஞ்சியது 10.20 என்னும் எண்ணும், ரப்பர் துகள்களின் பிணக்குவியலும். எண்களே வேண்டாமென்று ஓடிவந்தவன் தாளில் எண் மட்டும் எஞ்சியது.

அப்போதுதான், இனிவரும் தலைமுறைகள் எண்ணி எண்ணித் தலையில் அடித்துக்கொள்ளும் அந்தப் பிழையை அவன் இழைத்தான். துகள்களைத் தட்டிவிட இரண்டு கையும் வேண்டியிருந்தது. பென்சிலை வரைமேசைமேல் வைத்தான்.

வேறு எந்த வீட்டிலும், எந்தக் கடைத்தெருவிலும் இது பிழையாகாது. இப்பள்ளியின் சட்டமோ வேறு. இங்கே மேசைமேல் இருப்பது ஊர்ச்சொத்து. எடுத்தவர் முடிக்கும்வரை அது எடுத்தவருடையது, பிடுங்குவது பெருங்குற்றம், வேண்டுவோர் வாய்திறந்து கேட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பங்கிட்டுக்கொள் என்று குழந்தையை வற்புறுத்தாதே, பேசவிடு என்பது இத்துறையின் வேதம். அதையும் டாக்டர் கிளாவிட்டரே ஆறாம் வாரம் நடத்தியிருந்தாள். வெஸ்லி அன்று பசியில் இருந்தான்.

ஓப்பல் பென்சிலை எடுத்தாள்.

நிமிர்ந்த வீரன், கை வெறுமை கண்டு, மேசை வெறுமை கண்டு, எதிரியின் பிஞ்சுக்கரத்தில் தன் மஞ்சள் வேல் மின்னுவதும் கண்டு உறைந்துபோனான்.

"நீ யாரு?" என்றாள் அவள்.

"நான் வேலை செஞ்சிட்டிருக்கேன்."

"என்ன வேல?"

"நான் வேலை செஞ்சிட்டிருக்கேன்."

ஓப்பல் அவனை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் அளந்தாள். "எங்க அப்பாவும் இதேதான் சொல்வாரு," என்றாள். "ஆனா அவருகிட்ட கம்ப்யூட்டர் இருக்கு. உங்கிட்ட ஒண்ணுமே இல்லயே."

அம்பு நெஞ்சில் தைத்தது. குடும்ப இயலின் நாலு நூல்களைப் படித்தும் விளங்காத ஏதோ ஒன்று அவனுக்கு அந்தக் கணத்தில் விளங்கிற்று. ஆனால் எழுதிவைக்கப் பென்சில் இல்லை.

வீரன் கையை நீட்டினான். சோளக்கதிரை ஒரே திருகில் ஒடிக்கும் கை, பள்ளி நாளில் இரண்டு பேரைச் சேர்த்துத் தரையில் சாய்த்த கை, அது உள்ளங்கை மேல்நோக்கி, பிச்சைப் பாத்திரம்போல் மேசையைக் கடந்து மெல்ல மெல்லச் சென்று ஓப்பலின் மூக்குக்கு முன் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பென்சிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் இன்னும் முடிக்கல. முடிச்சதும் உன் முறை."

எவ்வளவு நியாயம்! எவ்வளவு தெளிவு! கண்ணாடிக்குப் பின்னால் பதினெட்டுப் பென்சில்கள் கரகரவென்று இதை எழுதியிருக்கும் என்று நினைத்தபோது வெஸ்லியின் காதுகள் சிவந்தன. அவளுக்குப் பேச்சு கற்றுத் தந்திருந்தார்கள். இவனுக்கு வாயைக் கட்டியிருந்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே துறை.

கை தோற்றபின் வீரன் கண்ணால் போரிட்டான். முதலில் கனிவாகப் பார்த்தான்; பின் பரிதாபமாகப் பார்த்தான்; பின்னர் ராஜர் மாமாவின் கிழட்டு நாய், சாப்பாட்டு மேசையடியில் உட்கார்ந்து பார்க்குமே, அப்படிப் பார்த்தான். ஓப்பல் அசையவில்லை. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு வரையத் தொடங்கினாள். ஒரு பெரிய வட்டம். அதன் கீழ் இரண்டு நெடுங்கோடுகள். அவற்றின் கீழே, மிகச் சின்னதாய், ஒரு நாற்காலி. மணி பத்து முப்பத்தொன்று.

இந்நேரம் களத்தின் காவல்தெய்வமான ஆசிரியை மிஸ் டோனா, தண்ணீர்த் தொட்டியருகே நடந்த ஒரு வாளிச் சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டு, ஈரக் கையோடு இப்பக்கம் வந்தாள். முப்பதாண்டுகளாக மண்டியிட்டே நடமாடி முட்டியில் காய்ப்பேறிய மாதரசி. இருவருக்கும் நடுவே மண்டியிட்டாள்.

"ஓப்பல் கண்ணு, வெஸ்லிக்கு உங்கிட்ட ஏதோ வேணும்போல தெரியுது. வெஸ்லி, கைய நீட்டினா எங்களுக்கு எப்பிடிப் புரியும்? வார்த்தையால சொல்லுங்க பாப்போம்."

ஐயகோ! இப்பக்கம் திரும்பினால் வார்த்தையால் சொல் என்கிறது ஒரு வேதம்; அப்பக்கம் திரும்பினால் வாய் திறக்காதே என்கிறது இன்னொரு வேதம். இரண்டுக்கும் இடையே, பதினோரங்குல நாற்காலியில், வேர்வை ஆறாய்ப் பெருக, கண்ணாடியைப் பார்த்தான் வெஸ்லி. அங்கே அவன் முகமே அவனைத் திரும்பிப் பார்த்தது. பெரிய தலை, சிவந்த காது, கன்னத்தில் ரப்பர் துகள். அவனுக்கு அழுகை வரும்போலிருந்தது.

"நான் வேலை செஞ்சிட்டிருக்கேன்," என்றான்.

மிஸ் டோனா மனம் குளிர்ந்தாள். "ரொம்ப நல்லது. ரெண்டு பேரும் அருமையா வேலை பண்றீங்க," என்று இருவர் முதுகையும் தட்டிவிட்டு எழுந்து போனாள். தொட்டியருகே யாரோ யாரையோ நனைத்துவிட்டிருந்தார்கள்.

மணி பத்து முப்பத்தேழு. ஓப்பல் தாளைத் தூக்கிக் காட்டினாள். வட்டத்துக்குள் இரண்டு கண், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மாபெரும் காது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

"இது நீதான்," என்றாள். "வாய் போடல. உனக்குத்தான் வேணாமே."

நம் வீரன் அந்தப் படத்தைப் பார்த்தான். இரண்டாண்டுகளாக அவன் எத்தனையோ வகுப்புகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறான். அவனை இவ்வளவு நேரம் யாரும் உற்றுப் பார்த்ததில்லை. பார்த்தவள் கண்டதைக் கண்டபடியே வரைந்திருந்தாள். ஒரு சிவப்பு வட்டத்துக்கும் இடமில்லை. அவளுடைய தாள் நிரம்பியிருந்தது. தன்னுடையதில் 10.20.

இங்கே அவன் நெஞ்சில் மூண்ட போரை என்னென்பது! பேசினால் பாதி போகும். பேசாவிட்டால் முழுதும் போகும். மிஞ்சிய பாதியில் ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதினாலும், தட்டித் தடுமாறித் தேறிவிடலாம். எழுதாவிட்டால் நாலரை மணி, இரண்டாயிரத்து நானூறு வாய்கள், பதினாலாம் நம்பர். மணி பத்து முப்பத்தொன்பதை நெருங்கியது. கண்ணாடிக்கு அப்பால் பிரின்லி மூச்சைப் பிடித்துக்கொண்டாள் என்றும், டாக்டர் கிளாவிட்டர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள் என்றும் பின்னர் தெரியவந்தது. நெடுமேனியன் குனிந்தான். தன் தலையை எதிரியின் தலைக்கு நேராகக் கொண்டுவந்தான். வாய்க்கட்டை அவிழ்த்தான்.

"ஓப்பல், அந்தப் பென்சில் எனக்கு ரொம்ப வேணும். ஒரே ஒரு தடவ தர்றியா?"

ஓப்பல் வியப்போடு அவனைப் பார்த்தாள். அவள் புருவம் உயர்ந்தது, வாய் விரிந்தது, முன்பல் நான்கும் தெரிந்தன. அதை என்னவென்று சொல்லக் கூடாது என்பது சட்டம். அவள் மகிழ்ந்தாள்.

"ஓ, தர்றேனே. மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?" என்றவள், பென்சிலை நீட்டப்போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "இரு இரு. இப்ப உனக்கு வாய் வந்துடுச்சு. போட்டுட்டுத் தர்றேன்."

முட்டியை மேசைமேல் ஊன்றி, பென்சிலை ஐந்து விரலாலும் கத்திபோல் இறுகப் பிடித்து, முழு உடம்பின் பாரத்தையும் அதில் இறக்கி, ஒரு காதிலிருந்து மறு காதுவரை, காகிதம் மேசையோடு ஒட்டிக்கொள்ளும்படி, அவள் அவனுக்கு ஒரு சிரிப்பு வரைந்தாள்.

பின்பு பென்சிலைத் தந்தாள்.

தந்தாள்! பிடுங்காமல், மிரட்டாமல், வார்த்தை ஒன்றினாலேயே வென்றெடுத்த அந்த மஞ்சள் வேலை வலக்கையில் ஏந்தி, நாற்காலி நடுங்க, முழங்கால் முழங்க, எஞ்சிய நாற்பது நொடியும் தன் வாழ்நாள் என்றெண்ணி, கண்ணாடிக்கு அப்பால் பதினெட்டு நங்கையர் இருக்கையின் நுனிக்கு வர, அயோவாவின் சோளக்காடுகள் காற்றடங்கி நிற்க, எங்கோ ஓர் ஊரில் பேருந்தை நிறுத்தி லோர்னா காரணமின்றித் திரும்பிப் பார்க்க, கொட்டகை வாசலில் காத்திருந்த ரப்பர் பூட்ஸ் இரண்டும் ஏமாற்றத்தால் சாய, சிவப்பு வட்டம் எதுவும் தீண்டவொண்ணாத அந்த ஒற்றை வரியை, "10.39, ஓப்பல் பென்சிலைக் கொடுத்தாள்" என்னும் அந்தப் பழுதற்ற வாசகத்தைப் பொறிக்க, வெஸ்லி ஹூக்ஸ்ட்ரா என்னும் பெருவீரன் பென்சிலைத் தாளில் வைத்து அழுத்தினான்.

முனை உடைந்திருந்தது.